பரீட்சை வாரத்தில் ஏன் கணுக்கால் பிசகுகிறது?

செப்டம்பர் பிறந்தால் சிவகாசி வட்டாரத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்காது. பட்டாசு ஆலைகளில் தீபாவளி ஆர்டர் நெருக்கும். அச்சகங்களில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரிகளிலும் அதே நெருக்கடிதான். இன்டர்னல் தேர்வு, லேப், ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்கும். கல்லூரிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டிகள் இன்னொரு பக்கம் அதே வாரங்களில் வந்து நிற்கும். தீபாவளி முடிந்த கையோடு செமஸ்டர். கல்லூரி அணியில் வாலிபாலோ கபடியோ ஆடிக்கொண்டே மெக்கானிக்கலோ வேதியியலோ படிக்கிற பிள்ளைக்கு வருஷத்தின் மிகக் கடினமான பருவம் இது.

“ரெண்டையும் சேர்த்துப் பார்க்க நேரம் எங்கே இருக்கு?” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கடிகாரம் கைவிரிப்பதற்கு முன்பே உடம்பு கைவிரித்துவிடுகிறது என்று சொல்கின்றன ஆய்வுகள்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பிரையன் மான் என்ற பயிற்சி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கல்லூரி அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் 101 பேரை ஒரு போட்டிப் பருவம் முழுக்கக் கவனித்தார்கள். 2016-ல் அந்த ஆய்வு வெளியானது. யாருக்கு எந்த வாரம் அடிபட்டது என்று கணக்கெடுத்தார்கள். கடும் பயிற்சி முகாம் நடந்த வாரங்களில் காயம் கூடியது, இது எதிர்பார்த்ததுதான். பரீட்சை நடந்த வாரங்களிலும் காயம் கூடியது. அணியில் தவறாமல் களமிறங்கிய ஆட்டக்காரர்களுக்கோ பயிற்சி முகாமைவிடப் பரீட்சை வாரமே அதிக ஆபத்தானதாக இருந்தது.

பரீட்சை ஹாலில் உட்கார்ந்து எழுதுவது கைவிரல்தான். பிசகுவது ஏன் கணுக்கால்?

சோர்ந்துபோன பேராசிரியர்கள்

இதற்கான முதல் தடயம் நூறு வருஷத்துக்கும் முன்னால் கிடைத்தது. இத்தாலியின் டூரின் நகரத்து உடலியல் அறிஞர் அஞ்சலோ மொஸ்ஸோ, விரலின் சோர்வை அளக்க ஒரு கருவி செய்தார். கையை அசையாமல் கட்டிவிட்டு, ஒரே ஒரு விரலால் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் காகிதத்தில் கோடாக விழும். தசை சோரச் சோரக் கோட்டின் உயரம் குறையும்.

மொஸ்ஸோ இந்தக் கருவியில் தன்னோடு வேலை பார்த்த பேராசிரியர்களின் விரலையே மாட்டினார். மாணவர்களுக்கு நெடுநேரம் வாய்மொழித் தேர்வு நடத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்தார். தேர்வு முடிந்து வந்தவர்களின் விரல் சீக்கிரமே ஓய்ந்துபோனது. பரீட்சை எழுதியவர்களை விடுங்கள், நடத்தியவர்களுக்கே தசை தளர்ந்திருந்தது. சோர்வைப் பற்றி 1891-ல் அவர் வெளியிட்ட நூலில் இது பதிவாகியிருக்கிறது.

இதையே 2009-ல் சாமுவேல் மார்க்கோரா என்பவர் வேல்ஸ் நாட்டில் இன்னும் கறாராகச் சோதித்தார். பதினாறு பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் கவனம் சிதறாமல் எழுத்துகளைப் பார்த்துப் பொத்தான் அழுத்தும் வேலையில் உட்காரவைத்தார். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் அலுப்பில்லாத ஆவணப்படம் போட்டுக்காட்டினார். இரண்டு நாளும் அதன் பிறகு, முடியாமல் போகும்வரை நிலைச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி மிதித்தார்கள். மூளையைக் கசக்கிய நாளில் 640 விநாடிதான்.

சுவாரசியமான விஷயம் இனிமேல்தான். இதயத் துடிப்பு, ரத்தத்தில் லாக்டேட் அளவு போன்ற உடல் கணக்குகளில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. தசையில் தெம்பு இருந்தது. ஆனால் மிதிக்க ஆரம்பித்த நொடியிலிருந்தே ‘கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வு கூடுதலாக இருந்தது. அந்த உணர்வு உச்சத்தை எட்டியதும் கால் நின்றுவிட்டது. நாம் ‘முடியவில்லை’ என்று நிறுத்துகிற புள்ளியைத் தசை மட்டும் தீர்மானிப்பதில்லை. மூளைக்கும் அதில் ஓட்டு உண்டு.

காயத்துக்கும் இதே வழிதான். மார்க் ஆண்டர்சன், ஜீன் வில்லியம்ஸ் என்ற இரண்டு விளையாட்டு உளவியலாளர்கள் 1988-ல் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். மன அழுத்தத்தில் இருக்கும் ஆட்டக்காரருக்கு ஓரப்பார்வை சுருங்குகிறது. தேவையில்லாத தசைகள் இறுகுகின்றன. கவனம் பந்தை விட்டு வேறெங்கோ போய் வருகிறது. கபடிக் களத்தில் பக்கவாட்டில் பாய்ந்து வரும் தடுப்பாளரை அரை நொடி தாமதமாகப் பார்த்தால் போதும். வாலிபாலில் பிளாக் செய்யக் குதித்து இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் கால் விழுவதற்கும் அதே அரை நொடி போதும்.

களைப்பு எங்கே சேர்கிறது?

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் கணக்குப் போட்டுப் போட்டு மூளையின் சர்க்கரை தீர்ந்துவிடுகிறது என்று எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. சும்மா இருக்கும்போதும் கடினமாக யோசிக்கும்போதும் மூளையின் மொத்தச் செலவில் வித்தியாசம் சொற்பமே.

2022-ல் பாரிஸில் நடந்த ஓர் ஆய்வு வேறொரு விடையைத் தந்தது. ஒரு பிரிவினருக்கு நாள் முழுக்கக் கடினமான சிந்தனை வேலை, மற்றொரு பிரிவினருக்கு எளிதான வேலை. கடின வேலை பார்த்தவர்களின் மூளையில், நெற்றிக்குப் பின்னால் முடிவெடுக்கவும் மனதைக் கட்டுப்படுத்தவும் உதவும் பகுதியில், குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுதலாகத் தேங்கியிருந்தது. நரம்புச் செல்கள் பேசிக்கொள்ள உதவும் பொருள்தான் அது. அளவுக்கு மீறித் தேங்கினால் அந்தப் பகுதியை இயக்குவது சிரமமாகிறது. அந்த நேரத்தில் ஆள் எளிதான வழியைத்தான் தேடுவார். மாலை ஐந்து மணிக்கு “இன்னைக்கு பிராக்டிஸ் வேண்டாம்” என்று தோன்றுவதும், இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை விட்டுவிட்டு போனை எடுப்பதும் வெறும் சோம்பேறித்தனம் என்று திட்டிவிட முடியாது.

இன்னொன்றும் சேர்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் கூடிக்கொண்டே போகும். தூக்கத்தை வரவழைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீன், அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தெரியாமல் போகிறதே தவிரக் குறைவதில்லை. குடித்த கஃபீனில் பாதி உடம்பிலிருந்து கழியவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குக் கண்விழித்துப் படிக்கக் குடித்த டீ, நள்ளிரவுக்குப் பின் வரவேண்டிய தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது.

தூக்கம் என்னும் பயிற்சி

இரண்டு பக்கமும் இழுபடும் மாணவர் முதலில் கைவைப்பது தூக்கத்தில்தான். விடியற்காலை மைதானம், பகலில் வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம், இரவில் ரெக்கார்டு. மிச்சமிருப்பது ஐந்து மணி நேரம். கணக்குப்படி எல்லாம் நடந்துவிடும். உடம்புப்படி எதுவுமே முழுதாக நடந்திருக்காது.

பட்டாசு ஆலைக்குள் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். மணி மருந்து என்னும் வெடிமருந்து உருண்டையைப் பிடித்த கையோடு அடுத்த அறைக்கு அனுப்பிவிட முடியாது. மேடையில் பரப்பிக் காயவைத்தாக வேண்டும். காய்கிற நேரத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. பார்ப்பவருக்கு அங்கே வேலை நடப்பதாகவே தெரியாது. ஆனால் அந்த நேரம் இல்லாவிட்டால் அதுவரை செய்த வேலை வீண். தூக்கம் அப்படித்தான் வேலை செய்கிறது. பகலில் படித்த பாடம் நிலையான நினைவாக மாறுவதும், கற்ற சர்வீஸ் கைக்குப் பழகுவதும், கிழிபட்ட தசை நார் ஒட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் இரவின் முதல் பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில்.

தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கர் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், சிலருக்கு விரலால் குறிப்பிட்ட வரிசையில் தட்டும் பயிற்சி கொடுத்தார்கள். காலையில் கற்று மாலைவரை விழித்திருந்தவர்களிடம் முன்னேற்றம் சொல்லும்படி இல்லை. கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமல் ஓர் இரவு தூங்கி எழுந்தபின் வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷெரி மா, கல்லூரிக் கூடைப்பந்து அணியின் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரத்துக்கு இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார். 2011-ல் வெளியான முடிவு: மைதானக் குறுக்கோட்டத்தில் 16.2 விநாடி ஆனது 15.5 ஆகக் குறைந்தது. ஃப்ரீ த்ரோவில் பந்து விழுவது 9 சதவீதம் கூடியது. புதுப் பயிற்சியாளர் வரவில்லை. புது ஷூவும் வாங்கவில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தை 2014-ல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. அமெரிக்கப் பள்ளி ஆட்டக்காரர்கள் 112 பேரில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது.

பத்து மணி நேரம் நம் ஊர் மாணவருக்கு நடக்காத காரியம். ஏழரை மணி நேரத்தைக் காப்பாற்றினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதிகாலைப் பயிற்சி கட்டாயம் என்றால் முந்தின இரவு வேலைகளைச் சுருக்கிக்கொண்டு முன்னதாகப் படுக்க வேண்டும். பயிற்சியாளர் மாலைப் பயிற்சியை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டால் அணிக்கு நஷ்டம் இல்லை.

ஆடிய பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா?

ஏறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2016-ல் நெதர்லாந்தில் 72 பேருக்கு, எந்தப் படம் திரையில் எந்த இடத்தில் வந்தது என்று மனப்பாடம் செய்யும் வேலை கொடுத்தார்கள். பிறகு மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு படித்த உடனே 35 நிமிடம் கடுமையாக உடற்பயிற்சி செய்தது. இன்னொன்று நான்கு மணி நேரம் கழித்துச் செய்தது. மூன்றாவது செய்யவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, நான்கு மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தவர்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது. படித்த உடனே செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. உடற்பயிற்சியின்போது சுரக்கும் டோபமின் போன்ற பொருட்கள், புதிதாக உருவான நினைவை இறுக்கிக் கட்ட உதவுகின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நம் கல்லூரி அட்டவணையைப் பாருங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்த தெர்மோடைனமிக்ஸ் வகுப்புக்கும் மாலை நான்கரை மணிப் பயிற்சிக்கும் இடைவெளி ஏறக்குறைய அதே நான்கு மணி நேரம். ஒரே ஓர் ஆய்வை நம்பிக் கால அட்டவணை போட வேண்டியதில்லை. ஆனால் ‘விளையாடினால் படித்தது மறந்துபோகும்’ என்ற பேச்சுக்கு அறிவியலில் ஆதரவு இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

நேரம் குறைவாக உள்ள மாணவருக்கு, எப்படிப் படிக்கிறோம் என்பது எவ்வளவு படிக்கிறோம் என்பதைவிட முக்கியம். ரோடிகர், கார்ப்பிகே என்ற இருவர் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று இதற்கு உதவும். ஒரு பகுதியை ஒரு பிரிவு இரண்டு முறை படித்தது. மறு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களிடம் எஞ்சியது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம். இதோடு, ஒரே இரவில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட ஐந்து நாள் ஒரு மணி நேரம் உட்காருவது மேல் என்பதும் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-ல் தொடங்கி நினைவாற்றல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

சாத்தூர், திருத்தங்கல், அருப்புக்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து கல்லூரி பஸ்ஸில் வரும் டே ஸ்காலர்களுக்கு இது கைகொடுக்கும். பஸ்ஸில் புத்தகம் விரித்துப் படிக்க முடியாது. ஆனால் அன்று நடந்த பாடத்தில் ஐந்து கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளக் கண்ணை மூடிக்கொண்டும் முடியும். போட்டிக்கு வெளியூர் போகும் ரயிலிலும் அதே கதைதான்.

வெயிலும் ரத்தமும்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் பூமி. ஈரம் இல்லாத காற்றுதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இங்கே நிலைக்கவைத்தது. அதே காற்று ஆட்டக்காரரின் வியர்வையை வேகமாக உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் போனது என்பதே தெரியாது. உடல் எடையில் 2 சதவீத அளவு நீர் போனாலே ஓட்டத்தின் தாக்குப்பிடிப்பு குறையும், கவனமும் மந்தமாகும். 55 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ போதும். விலை உயர்ந்த பாட்டில் பானம் வேண்டியதில்லை. கோடையில் பயிற்சியைத் தொடங்குபவர்கள் உடம்பை வெயிலுக்குப் பழக்க பத்து நாள் முதல் இரண்டு வாரம்வரை கொடுக்க வேண்டும்.

மாணவிகளிடம் இன்னொரு காரணம் ஒளிந்திருக்கும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். இரும்புச்சத்து குறைந்தால் மூளையும் தடுமாறும். இளம்பெண்களிடம் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு மாதம் இரும்புச்சத்து கொடுத்து ரத்தத்தில் அளவு ஏறியவர்களுக்குக் கவனம், ஞாபகம் இரண்டும் முன்னேறின. இரண்டாவது செட்டில் மூச்சு வாங்குகிற பெண்ணை ‘ஸ்டாமினா இல்லை’ என்றும், மதிய வகுப்பில் கண்சொருகும் அதே பெண்ணை ‘அக்கறை இல்லை’ என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் விடை ஒரே ரத்தப் பரிசோதனையில் கிடைக்கலாம். கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு, கூடவே நெல்லிக்காய் என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே தொடங்கலாம். சோகை இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையும் வேண்டும்.

ஆடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதும் படிப்புக்கு உதவும். தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் தீர்ந்தபின் மறுபடி நிரம்பக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கிட்பேக்கில் இருந்தால், இரவு எட்டரை மணிக்கு வீடு சேரும்வரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம்.

செய்து காட்டியவர்கள்

லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரோஜர் பேனிஸ்டர், மதிய இடைவேளையில் பக்கத்து மைதானத்துக்குப் போய் ஓடுவார். நேரம் குறைவு என்பதால் நீண்ட தூர ஓட்டத்தைக் குறைத்து, கால் மைல் தூரத்தை வேகமாகப் பத்து முறை ஓடுவார். 1954 மே 6 அன்று காலை மருத்துவமனைக்குப் போய்விட்டு, ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று, ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் கடந்தார். நான்கு நிமிடத்துக்குள் மைலை ஓடிய முதல் மனிதர் அவர். அதற்கு முந்தைய ஐந்து நாளும் அவர் பயிற்சியே செய்யவில்லை. பிற்காலத்தில் நரம்பியல் மருத்துவராகப் பேர் வாங்கினார்.

கிரிக்கெட் ஆட்டக்காரர் எரப்பள்ளி பிரசன்னா வேறு வழியில் போனார். 1962 ஜனவரியில் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்தபின், பொறியியல் படிப்பை முடிக்க ஆட்டத்தை ஒதுக்கிவைத்தார். ஏறக்குறைய ஐந்து வருஷம் இந்திய அணிப் பக்கம் வரவில்லை. 1967 ஜனவரியில் அதே சென்னையில் திரும்பி வந்தார். பிறகு இருபதாவது டெஸ்டில் 100 விக்கெட் எடுத்து, அதை மிக வேகமாக எட்டிய இந்தியர் என்ற சாதனையை வைத்தார். 2013-ல் பதினெட்டாவது டெஸ்டில் அதை முறியடித்தவர் எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்த ரவிச்சந்திரன் அஸ்வின். மேசைப்பந்தில் 2019-ல் உலகத் தரவரிசையின் முதல் 25 பேருக்குள் நுழைந்த முதல் இந்தியர் சத்தியன் ஞானசேகரனும் சென்னையில் பொறியியல் முடித்தவர்தான்.

இவர்கள் எல்லாரும் அசாதாரணத் திறமைசாலிகள் என்பது உண்மை. ஆனாலும் முதல் இருவரும் ஏதோ ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள்: பேனிஸ்டர் பயிற்சி நேரத்தை, பிரசன்னா ஐந்து வருஷ ஆட்டத்தை.

ஓ.டி. காப்பாற்றாத பாடம்

தமிழ்நாடு விளையாட்டு வீரர்களுக்குக் கல்லூரி வாசலைத் திறந்துவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்கு 500 இடம் உண்டு. வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் நான்கு வருஷம் எப்படி ஓட்டுவது என்பதற்குத்தான் ஏற்பாடு குறைவு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். போட்டிகளுக்குப் போனதால் 65-க்கும் 75-க்கும் இடையில் நின்றால், சான்றிதழ் காட்டி எழுதலாம். நல்ல சலுகைதான். ஆனால் ஓ.டி. என்னும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி வருகைப் பதிவைக் காப்பாற்றும், நடந்து முடிந்த பாடத்தைக் காப்பாற்றாது. 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு 40 மதிப்பெண் இன்டர்னலிலேயே இருக்கிறது. போட்டிக்காகத் தவறவிட்ட ஒரு டெஸ்ட், அரியராக வந்து நிற்கலாம்.

வெளியே என்ன செய்கிறார்கள்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1991 முதல் போட்டிப் பருவத்தில் பயிற்சியை நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி என்று கட்டுப்படுத்தி, வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வும் வைத்திருக்கிறது. கணக்கில் வராத நேரத்தால் இந்த வரம்பு மீறப்படுவதாக மாணவர்களே சொல்வதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் படிப்பையும் விளையாட்டையும் சேர்த்து நடத்துவதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்வுத் தேதியில் நெகிழ்வு, தொலைவிலிருந்து படிக்க வசதி ஆகியவை அதில் பேசப்படுகின்றன.

இங்கே இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் பல, தொழிலும் வணிகமும் செய்தவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கட்டியவை. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லும், சிவகாசியின் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-லும், ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-லும், பட்டாசுக்கு வேண்டிய அலுமினியப் பொடி செய்யும் மெப்கோவின் பெயர் தாங்கிய பொறியியல் கல்லூரி 1984-லும் தொடங்கின. சிவகாசி நாட்டுக்கெல்லாம் காலண்டர் அச்சடித்துக் கொடுக்கும் ஊர். அந்த ஊர்க் கல்லூரிகள் ஜூன் மாதமே ஒரு காலண்டர் போடலாம். அதில் இன்டர்னல் தேதியும் மண்டலப் போட்டித் தேதியும் ஒரே தாளில் இருக்க வேண்டும். இரண்டும் மோதும் வாரத்தை முன்கூட்டியே பார்த்து, தவறவிட்ட டெஸ்டுக்கு மறுதேதி குறிக்கலாம். இன்டர்னல் வாரத்தில் பயிற்சியை நிறுத்த வேண்டாம். குதித்து இறங்கும் பயிற்சி, மோதிப் பிடிக்கும் பயிற்சி ஆகியவற்றைக் குறைத்து, லேசான ஓட்டத்தோடு விட்டுவிடலாம். பயிற்சி முடிந்தபின் ஊருக்குப் போக ஒரு கடைசிக் கல்லூரி பஸ் விட்டால், பல மாணவிகள் முதல் வருஷத்தோடு ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள்.

மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள். தேர்வு வாரத்தில் தூக்கத்தில் கைவைக்காதீர்கள். ஆட்டத்தில் வேண்டுமானால் வையுங்கள். பாடத்தைத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். களைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பி.டி. சாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு அரியர் விழுந்ததும் முதல் தண்டனையாக விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன், அவன் அல்லது அவள் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.